ஃபேட் ஏறுது... மாடு இளைக்குது! கன்று ஈன்ற பசுவின் உடலுக்குள் நடக்கும் எரிபொருள் கணக்கு

கன்று ஈன்று இரண்டு, மூன்று வாரம் ஆன மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றும்போது, ஃபேட் திடீரென்று கூடுதலாக வந்தால் வீட்டில் சந்தோஷம்தான். ஃபேட்டும் எஸ்.என்.எஃப்-பும் பார்த்துத்தானே பாலுக்கு விலை போடுகிறார்கள்? ஆனால், அதே வாரத்தில் பாலின் அளவு குறைகிறதா, மாட்டின் இடுப்பு எலும்பு துருத்துகிறதா, அடர்தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குப் போகிறதா என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், ஏறிய ஃபேட் தீவனத்திலிருந்து வந்ததாக இருக்காது. மாடு தன் உடம்பையே உருக்கிப் பாலில் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலை முற்றினால் அதற்குப் பெயர் கீட்டோசிஸ். தொற்றுநோய் அல்ல, தடுப்பூசியும் கிடையாது. மாட்டின் உடலுக்குள் கொழுப்பு எரிகிற இடத்தில் ஏற்படும் ஒரு தடங்கல்தான் இது. பெரும்பாலும் மாடு சாவதில்லை. ஆனால், அந்த ஈற்றின் உச்சப் பால் போய்விடும். அடுத்த சினை தள்ளிப்போகும். ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு வருட வருமானத்தில் விழும் ஓட்டை.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்குச் சற்று வடக்கே நெடுஞ்சாலையோரம் இருக்கும் கருங்குழியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், ஏரிப் பாசனமும் நெல்லும்தான் முதுகெலும்பு. அருகே படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பும் பழக்கமான பயிர். நெல் விளையும் ஊரில் மாட்டுக்கு வைக்கோல் தாராளம், பசுந்தீவனமும் தானியமும் குறைவு என்பது வழக்கமான கதை. கீட்டோசிஸைப் புரிந்துகொள்ள, இந்த வைக்கோலையும் கரும்பையுமே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

மாடு ஓடுவதே கொழுப்பு அமிலத்தில்தான்

நாம் சோறு சாப்பிட்டால் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. மாட்டுக்கு அப்படி இல்லை. அது தின்னும் வைக்கோல், புல், தவிடு எல்லாவற்றையும் முதலில் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அதிலிருந்து வருபவை அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற 3 குட்டைக் கொழுப்பு அமிலங்கள். மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவிகிதம், இவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போகும் சர்க்கரை மிகச் சொற்பம்.

இந்த மூன்றில் புரோப்பியோனிக் அமிலத்துக்கு மட்டும் தனி மதிப்பு. மாட்டின் கல்லீரல் அதிலிருந்துதான் பெருமளவு சர்க்கரையை, அதாவது குளுக்கோஸைத் தயாரிக்கிறது. மற்ற இரண்டையும் எரித்து ஆற்றல் எடுக்கலாம், பாலில் கொழுப்பாக்கலாம், சர்க்கரையாக்க முடியாது. வைக்கோலே பிரதானமாக இருந்தால் அசிட்டிக் அமிலம்தான் அதிகம் வரும். மக்காச்சோளம், கம்பு போன்ற தானியம் சேரும்போது புரோப்பியோனிக் அமிலத்தின் பங்கு கூடும்.

சர்க்கரை ஏன் அவ்வளவு முக்கியம்? பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ் குளுக்கோஸிலிருந்துதான் உருவாகிறது. மடிக்குள் எவ்வளவு லாக்டோஸ் சேர்கிறதோ, அந்த அளவுக்குத்தான் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டுப் பாலின் அளவு கூடும். 1 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 70 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு 700 கிராம் குளுக்கோஸையும், 15 லிட்டர் கறக்கும் மாடு 1 கிலோவுக்கு மேலும் மடிக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். அத்தனையையும் கல்லீரல்தான் தயாரித்தாக வேண்டும்.

கன்று ஈன்றவுடன் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பால் நாளுக்கு நாள் ஏறி, 5 முதல் 8 வாரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால், தீனி எடுக்கும் அளவு அதே வேகத்தில் ஏறுவதில்லை, சில வாரங்கள் பின்தங்கித்தான் வருகிறது. வரவு குறைவு, செலவு அதிகம். துண்டு விழும் ஆற்றலுக்காக மாடு தன் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு, நீளமான கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பகுதி மடிக்குப் போய்ப் பாலில் ஃபேட்டாக இறங்குகிறது. சங்கத்தில் ஏறித் தெரிந்த ஃபேட்டின் மூலம் இதுதான். இன்னொரு பெரும் பகுதி கல்லீரலுக்குப் போகிறது.

16 கணு கரும்பு, 8 கரணை

உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. கல்லீரல் செல் ஒன்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். தீனியிலிருந்து வரும் எரிபொருளை ஆக்ஸிஜன் உதவியோடு எரித்து, செல் செலவழிக்கக்கூடிய ஆற்றலாக மாற்றித் தருவதே இவற்றின் வேலை. அந்த ஆற்றல் ஏ.டி.பி. என்ற பொருளாகச் செல்லுக்குள் சுற்றி வருகிறது. இந்த ஏ.டி.பி-யை 1929-ம் ஆண்டு அமெரிக்காவில் சைரஸ் ஃபிஸ்கியுடன் சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக இதைக் கண்டறிந்தார்.

கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எப்படி எரிகிறது என்பதைக் கரும்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மாட்டின் உடல் கொழுப்பில் அதிகமாக இருக்கும் அமிலங்களில் ஒன்று பால்மிட்டிக் அமிலம். வரிசையாக 16 கார்பன் கொண்ட நீளச் சங்கிலி அது. 16 கணு உள்ள ஒரு முழுக் கரும்பு என்று வைத்துக்கொள்வோம். முழுக் கரும்பு அப்படியே உள்ளே போக முடியாது. கார்னிடின் என்ற பொருள் வாசலில் நின்று அதை உள்ளே ஏற்றிவிடுகிறது.

உள்ளே போனதும், நடவுக்கு இருபருக் கரணை வெட்டுவதைப்போல இரண்டிரண்டு கார்பனாக அது வெட்டப்படுகிறது. 7 வெட்டு, 8 கரணை. கொழுப்பு அமிலம் இப்படி இரண்டிரண்டாகத்தான் குறைகிறது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரான்ஸ் நூப் 1904-ம் ஆண்டிலேயே நாய்களுக்குத் தீனி கொடுத்துப் பார்த்துச் சொன்னார். அந்த வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாதான் என்பதை அமெரிக்காவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் 1940-களின் இறுதியில் உறுதி செய்தார்கள்.

வெட்டிய 8 கரணையும் முழுதாக எரிந்தால், ஒரு பால்மிட்டிக் அமிலத்திலிருந்து 106 ஏ.டி.பி. கிடைக்கும். ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைப்பது 30 முதல் 32 வரை மட்டுமே. எடைக்கு எடை பார்த்தாலும் 1 கிராம் கொழுப்பில் 9 கலோரி, 1 கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. அப்படியானால் கொழுப்பை உருக்கும் மாட்டுக்கு ஆற்றல் பஞ்சமே வரக் கூடாதே?

முற்றத்தில் தேங்கும் கரும்பு

கரணை வெட்டினால் மட்டும் போதாது, அது அரவைக்குள் போக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் அந்த அரவைச் சக்கரத்தை 1937-ம் ஆண்டு விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அதற்காக 1953-ல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு கரணையும் இந்தச் சக்கரத்துக்குள் நுழைய ஒரு வண்டி தேவை. அந்த வண்டியின் பெயர் ஆக்ஸலோ அசிட்டேட். கரணையை ஏற்றிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி, காலியாகத் திரும்பி வந்து, அடுத்த கரணையை ஏற்றும்.

கன்று ஈன்ற மாட்டின் கல்லீரலில் இந்த வண்டிக்கு இன்னொரு வேலையும் வந்துவிடுகிறது. குளுக்கோஸ் தயாரிப்பும் இதே ஆக்ஸலோ அசிட்டேட் வழியாகத்தான் நடக்க வேண்டும். மடி சர்க்கரை கேட்டுக்கொண்டே இருப்பதால், வண்டிகள் அந்தப் பக்கம் இழுக்கப்படுகின்றன. சாதாரணமாக, தீனியிலிருந்து வரும் புரோப்பியோனிக் அமிலம் புது வண்டிகளைச் செய்து தந்துகொண்டே இருக்கும். மாடு சரியாகத் தின்னாதபோது அந்த வரத்தும் குறைகிறது.

இப்போது கல்லீரலின் நிலைமையைப் பாருங்கள். உடல் கொழுப்பு உருகி, கரும்பு லோடு லோடாக வந்து இறங்குகிறது. கரணை வெட்டும் வேலையும் நடக்கிறது. ஏற்றிப் போக வண்டி போதவில்லை. தேங்கும் கரணைகளை இரண்டிரண்டாகக் கட்டி, நான்கு கார்பன் கொண்ட பொருளாக்கி, கல்லீரல் ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது. இந்தக் கட்டுகளுக்குத்தான் கீட்டோன் என்று பெயர். வெட்டக்கூட முடியாத மீதிக் கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. படிந்த கொழுப்பை வெளியே அனுப்புவதில் மாட்டின் கல்லீரல் மந்தமானது. அதனால்தான் கீட்டோசிஸும் கொழுப்புக் கல்லீரலும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன.

கீட்டோன் விஷம் அல்ல. இதயமும் தசையும் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும். கன்று ஈன்ற எல்லா மாடுகளிலும் கொஞ்சம் இருக்கும். அளவு மீறும்போதுதான் ரத்தம் அமிலத் தன்மை பெறுகிறது, பசி அடங்குகிறது. பசி அடங்கினால் தீனி குறையும். தீனி குறைந்தால் வண்டி குறையும். வண்டி குறைந்தால் கீட்டோன் இன்னும் ஏறும். மாடு தானாக இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது கஷ்டம்.

வேடந்தாங்கல் வாத்துக்கு ஏன் இந்தப் பிரச்னை இல்லை?

கருங்குழிக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில்தான் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அனுபவத்தில் அறிந்து, தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவரும் விவசாயிகளின் ஊர் அது. ஒவ்வொரு குளிர்காலமும் ஊசிவால் வாத்து போன்றவை வடக்கே வெகுதூரத்திலிருந்து அங்கே வந்து சேர்கின்றன. புறப்படுவதற்கு முன் அவை உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்கின்றன. வழிநெடுக எரிப்பது பெரும்பாலும் அந்தக் கொழுப்பைத்தான்.

பறவையின் மார்புத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிரம்பிக் கிடக்கின்றன. கொழுப்பு அமிலத்தைத் தசைக்குள் கொண்டு சேர்க்கும் புரதங்களும் வலசைக் காலத்தில் பெருகுகின்றன. கொழுப்பு எரியும்போது ஏறக்குறைய அதே எடைக்குத் தண்ணீரும் உண்டாவதால், பறக்கும்போது தாகத்துக்கும் அது உதவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாத்துக்கு மடி இல்லை. நாளைக்கு 1 கிலோ சர்க்கரையை வெளியே ஊற்ற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எனவே வண்டிகள் அரவையிலேயே நிற்கின்றன, கரணைகள் தேங்காமல் எரிகின்றன.

வாத்து எரிப்பதும் கொழுப்புதான், மாடு எரிப்பதும் கொழுப்புதான். கொழுப்பு எரிவதில் தவறில்லை; அதைச் சர்க்கரைக்கு ஈடாக நம்புவதில்தான் தவறு. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும், அதன் இரண்டு கார்பன் கரணைகளால் பாலுக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்ய முடியாது. 'கொழுத்த மாடு, தாங்கும்' என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து.

எந்த மாட்டைக் கண்காணிக்க வேண்டும்?

* கன்று ஈன்று முதல் 6 வாரத்தில் இருக்கும், நிறையக் கறக்கும் கலப்பின மாடுகள். 3, 4-வது ஈற்று மாடுகளில் அதிகம்.
* வறட்டு மாடாக இருந்த காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்த மாடுகள். இவை ஈன்றபின் தீனி குறைவாக எடுக்கும், உடல் கொழுப்பை வேகமாகக் கரைக்கும்.
* ஈன்றபின் பால் காய்ச்சல், நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பை அழற்சி, மடிநோய், கால் வலி என்று ஏதோ ஒன்றால் தீனியை விட்ட மாடுகள்.
* சென்ற ஈற்றில் இதே நோய் வந்த மாடுகள்.

குறைவாகக் கறக்கும் நாட்டு மாடுகளில் இது அபூர்வம். நல்ல கறவை எருமைகளுக்கு வரும்.

அறிகுறிகளும் சோதனையும்

முதல் அறிகுறி, தீனியைத் தேர்ந்தெடுத்து மறுப்பது. அடர்தீவனத்தை முதலில் விடும், பிறகு பசுந்தீவனம். வைக்கோலை மட்டும் கடைசிவரை மென்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் பால் இறங்கும். உடம்பு கண்ணெதிரே வற்றும். சாணம் கெட்டியாக, சளி பூசியதுபோல விழும். காய்ச்சல் இருக்காது. மூச்சிலும் பாலிலும் சிறுநீரிலும் அளவுக்கு மீறிப் பழுத்த பழம்போல ஒரு வாசனை வரும். இந்த வாசனை எல்லோர் மூக்குக்கும் எட்டாது. அதனால் வாசனை இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சில மாடுகளில் நரம்புக் கோளாறாகவும் வெளிப்படும். சுவரையும் கயிற்றையும் தன் உடம்பையும் ஓயாமல் நக்குவது, வெறும் வாயை மெல்வது, வட்டமாகச் சுற்றுவது, சுவரில் தலையை முட்டி நிற்பது போன்றவை. வெறிநாய்க்கடி நோயும் இப்படித் தோன்றக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் மாட்டின் வாய்க்குள் வெறும் கையை விடக் கூடாது. கால்நடை மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளியே எதுவும் தெரியாமல், பால் மட்டும் குறைந்து இருக்கும் மறைமுக நிலைதான் பரவலானது. இங்கே சங்கத்தின் பால் சீட்டு உதவும். ஈன்ற முதல் 6 வாரத்தில் ஃபேட் திடீரென்று ஏறி, பாலின் அளவும் எஸ்.என்.எஃப்-பும் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். ஃபேட் மட்டும் ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடைசிப் பாலைத் தனியாகச் சோதித்தாலும் ஏறும், நார்த்தீவனம் கூடினாலும் ஏறும். எனவே சீட்டு ஒரு எச்சரிக்கை மட்டுமே. சோதனைதான் முடிவு.

கால்நடை மருந்தகத்தில் ரோத்திரா சோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். பாலையோ சிறுநீரையோ அதற்கான பொடியோடு சேர்த்தால், கீட்டோன் இருக்கும்போது கத்தரிப்பூ நிறம் வரும். சிறுநீரில் லேசாக நிறம் வருவது நல்ல மாட்டிலும் நடக்கும். பாலிலேயே நிறம் வந்தால் சந்தேகமில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் அளந்து சொல்லும் கையடக்கக் கருவியும் இருக்கிறது. அதில் லிட்டருக்கு 1.2 மில்லிமோல், அல்லது அதற்கு மேல் என்றால் மறைமுகக் கீட்டோசிஸ். 3-ஐத் தாண்டினால் நோய் முற்றியதாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை: வண்டியைத் திரும்பக் கொடுப்பது

மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றும் குளுக்கோஸ், பெருவயிற்றைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போகிறது. மாடு சில மணி நேரத்தில் தெளிவாகும். ஆனால், அதன் பலன் குறுகிய காலமே. அடுத்த நாளே மாடு பழையபடி படுத்துவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான். அதைத் தொடர்ந்து, புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை வாய்வழியாக நாளொன்றுக்குச் சுமார் 300 மி.லி. வீதம் 3 முதல் 5 நாள்கள் கொடுப்பது வழக்கம். கல்லீரல் இதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும். அரவைக்கான வண்டியும் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மாட்டைப் பார்த்த மருத்துவரே சொல்ல வேண்டும். வைட்டமின் பி12, தேவைப்பட்டால் ஹார்மோன் ஊசி ஆகியவற்றையும் அவர் முடிவு செய்வார்.

இரண்டு எச்சரிக்கைகள். எத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் அது கடும் விஷம், வண்டி ரேடியேட்டரில் ஊற்றுவது. வாங்கும்போது பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, எந்தத் திரவத்தையும் மாட்டின் தலையை அண்ணாந்து பிடித்து வேகமாக ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால், கீட்டோசிஸில் பிழைக்க வேண்டிய மாடு நிமோனியாவில் போய்விடும். தலையை நேராக வைத்து, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

கீட்டோசிஸ் சில நேரம் இன்னொரு நோயின் நிழலாகவே வரும். கருப்பையில் சீழோ, மடியில் வீக்கமோ இருந்து, அதனால் மாடு தீனியை விட்டிருந்தால், மூல நோயைக் கவனிக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதில் பயனில்லை.

தடுப்பது வறட்டுக் காலத்திலேயே தொடங்க வேண்டும்

பால் வற்றும்போது மாடு எந்த உடல்வாகில் இருக்கிறதோ, அதே உடல்வாகில் கன்று ஈன வேண்டும். 1 முதல் 5 வரையான மதிப்பீட்டில் 3 முதல் 3.5 சரியானது. பின் விலா எலும்புகள் கையை வைத்து லேசாக அழுத்தினால் தெரிய வேண்டும், வால் அடியில் கொழுப்புத் திரண்டிருக்கக் கூடாது. கொழுத்த மாட்டை ஈனும் தறுவாயில் பட்டினி போட்டு இளைக்க வைப்பது தவறு. அப்போதே கொழுப்பு உருகத் தொடங்கிவிடும்.

ஈனுவதற்கு 3 வாரத்துக்கு முன்பிருந்து அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். ஈன்றபின் கொடுக்கப்போகும் தீவனத்தையே அப்போதும் கொடுத்தால், பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிவிடும். ஈன்றபிறகு உடல் பராமரிப்புக்கு 1.5 முதல் 2 கிலோவும், ஒவ்வொரு 2.5 முதல் 3 லிட்டர் பாலுக்கு 1 கிலோவும் என்ற கணக்கை எட்ட, 2 வாரம்வரை அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். ஈன்ற மறுநாளே முழு அளவையும் கொட்டினால் வயிறு புளித்து, அது தனி நோயாகும்.

அடர்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்காவது மக்காச்சோளம், கம்பு, சோளம் போன்ற தானியம் இருக்கட்டும். தவிடும் பிண்ணாக்கும் மட்டும் கலந்து வைப்பது போதாது. வைக்கோலோடு கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ எஃப்.எஸ்-29 தீவனச் சோளம், வேலிமசால், அகத்தி என்று பசுந்தீவனம் நாளுக்கு 15 முதல் 25 கிலோ சேர வேண்டும். வரப்பிலும் கிணற்றடியிலும் 5 சென்ட் ஒதுக்கினால்கூட, கன்று ஈனும் மாதங்களுக்குக் கைகொடுக்கும். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் 3, 4 வேளையாகப் பிரித்து வைப்பதும், தண்ணீரை எப்போதும் எட்டும்படி வைப்பதும் செலவில்லாத மருத்துவம்.

தாது உப்புக் கலவைக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. புரோப்பியோனிக் அமிலம் சர்க்கரையாக மாற வைட்டமின் பி12 வேண்டும். அதைப் பெருவயிற்று நுண்ணுயிர்கள் தயாரிக்க, கோபால்ட் என்ற தாது வேண்டும். தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்பு வைக்கும் வீட்டில் இந்தக் குறை வராது.

ஆடு வளர்ப்பவர்களும் கவனிக்க!

ஆடுகளுக்கு இதே கோளாறு ஈனுவதற்கு முன்பே வரும். இரட்டைக் குட்டி, மூன்று குட்டி சுமக்கும் ஆடுகளில், சினையின் கடைசி ஒன்றரை மாதத்தில் குட்டிகளுக்குச் சர்க்கரை அதிகம் தேவைப்படும். வயிற்றை அடைத்துக்கொண்டு குட்டிகள் இருப்பதால், ஆட்டால் நிறையத் தழை தின்ன முடியாது. மழைக்காலத்தில் மேய்ச்சலுக்குப் போக முடியாமல் 2 நாள் பட்டியிலேயே அடைத்துப்போட்டால் போதும், கொழுப்பு உருகத் தொடங்கிவிடும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, பல்லைக் கடிப்பது, கண் தெரியாததுபோல முட்டிக்கொள்வது, பிறகு படுத்துவிடுவது இதன் அறிகுறிகள். மாட்டைவிட ஆட்டில் இது உயிருக்கு ஆபத்தானது. படுத்தபின் காப்பாற்றுவது கடினம். கடைசி ஒன்றரை மாதம், சினையாட்டுக்குத் தினமும் 200 முதல் 300 கிராம் தானியம் கலந்த அடர்தீவனம் வைத்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

பண்ணையாளர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்கள்

வெல்லம் கொடுத்தால் சரியாகாதா?

வெல்லத்தின் சர்க்கரை, சர்க்கரையாகவே ரத்தத்துக்குப் போவதில்லை. பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கிவிடும். அதில் கணிசமாக உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் கீட்டோனாகவே மாறும். தீவனத்துக்கு ருசி கூட்டக் கையளவு சேர்ப்பதில் தவறில்லை. கிலோ கணக்கில் கரைத்து ஊற்றுவது வயிற்றைப் புளிக்க வைக்கும். கஞ்சியும் சோறும் நிறைய வைப்பதற்கும் இதே பதில்தான்.

பைபாஸ் கொழுப்பு கொடுத்தால் கீட்டோசிஸ் குணமாகுமா?

குணமாகாது, அது மருந்து இல்லை. சாதாரண எண்ணெயை அதிகம் கொடுத்தால் நுண்ணுயிர்கள் பாதிக்கப்பட்டு நார் செரிக்காது. அதனால் கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்து, பெருவயிற்றில் கரையாமல் குடலில் செரிக்கும்படி செய்ததே பைபாஸ் கொழுப்பு. நிறையக் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 100 முதல் 200 கிராம் கொடுத்தால் ஆற்றல் பற்றாக்குறை ஓரளவு குறையும். ஆனால், அதுவும் இரண்டு கார்பன் கரணைதான், சர்க்கரை ஆகாது. தானியமும் பசுந்தீவனமும் சரியாக இருக்கும் மாட்டுக்குத்தான் அது பலன் தரும். நோய் வந்து தீனியை விட்ட மாட்டுக்கு முதலில் தேவை சர்க்கரை.

பால் காய்ச்சலும் இதுவும் ஒன்றா?

இல்லை. பால் காய்ச்சல் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. பெரும்பாலும் ஈன்ற 3 நாளுக்குள் வரும். மாடு எழ முடியாமல் கழுத்தை மடித்துப் படுத்துவிடும், உடம்பு சில்லிட்டிருக்கும். கீட்டோசிஸ் பெரும்பாலும் வாரங்கள் கழித்து மெதுவாக வரும். பால் காய்ச்சல் வந்து தேறிய மாட்டுக்குக் கீட்டோசிஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதை ஒரு மாதம் கண்காணிக்க வேண்டும்.

நோய் வந்த மாட்டின் பாலை வீட்டில் பயன்படுத்தலாமா?

இது தொற்றுநோய் இல்லை என்பதால் காய்ச்சிப் பயன்படுத்தலாம். வாசனை மாறியிருக்கலாம். மருந்து, ஊசி போட்டிருந்தால் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

மனிதர்களுக்கும் இது வருமா?

உபவாசம் இருந்தால் நம் கல்லீரலும் கொஞ்சம் கீட்டோன் தயாரிக்கும், அது இயல்பானது. ஆனால், சர்க்கரை நோயாளிக்கு, குறிப்பாக இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டவருக்கு, வாந்தி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை என்று வந்தால் அது அவசர நிலை. மாட்டுக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்து வருவது, இவர்களுக்குச் சர்க்கரை நிறைந்திருந்தும் செல் அதைப் பயன்படுத்த முடியாததால் வருகிறது. வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

மாடு தீனியை விட்ட முதல் நாளே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்தில் இருக்கும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் தீவனக் கலவை, தாது உப்பு, பசுந்தீவன விதைக் கரணைகள் பற்றி ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது மாடு ஈன்ற தேதி, தினமும் கறந்த பாலின் அளவு, சங்கச் சீட்டில் இருந்த ஃபேட், எஸ்.என்.எஃப். ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஈன்ற நாளிலிருந்து 6 வாரத்துக்கு இந்த 4 கணக்கையும் எழுதி வைக்கும் வீட்டில், மாடு இளைப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நோட்டில் தெரிந்துவிடும்.